ராகு காலத்தில் நான்கு சர்வர்கள்

அம்மாவைப் பொறுத்தவரை நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து விளக்கிப் பார்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரரிடம், "தம்பிக்கு கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை லா, ஜார்ஜ் டவுன்ல ஆப்பீஸ்" என்று சொல்லிவிடுவார். விடுமுறைக்கு நிபோங் திபாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனால், அங்கே தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், யாருடைய பிரிண்டராவது எனக்காகக் காத்திருக்கும். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போனவன் நான் ஒருவன்தான். "அவ்ளோ படிச்சிட்டு இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்விக்குப் பயந்தே பிரிண்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

உண்மையில் என் வேலை வேறு. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே துணிக்கடை, மேலே நாங்கள் மூன்று பேர். சீனரான முதலாளி, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் வரும் ஓர் அண்ணன், பிறகு நான். பினாங்குத் தீவிலும் அக்கரையிலும் உள்ள சில கல்யாண மண்டபங்களுக்கு இணையத்தில் தேதி பதிவு செய்யும் தளம் எங்களுடையது. ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் வந்தால் ஒரு சர்வர் தாங்காது. அதனால் ஒரே வேலையைச் செய்யத் தெரிந்த நான்கு சர்வர்களை வாடகைக்கு எடுத்து வரிசையாக நிறுத்தியிருந்தோம். அவை எந்த நாட்டில் எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன என்று எங்களுக்கே தெரியாது. அவற்றுக்கு முன்னால் லோட் பேலன்சர் என்று ஒன்று நிற்கும். கல்யாண வீட்டில் பந்தி வாசலில் நின்றுகொண்டு, "நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க, நீங்க அந்தப் பக்கம் போங்க" என்று ஆட்களைப் பிரித்து அனுப்புகிற மாமா ஒருவர் இருப்பாரே, அவர் செய்கிற வேலைதான் அதற்கும்.

அண்ணன் நான்கு சர்வர்களுக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தார். பெரியவன், ரெண்டாமவன், மூணாமவன், கடைக்குட்டி. லோட் பேலன்சருக்குப் பெயர் வாசல்காரர். அவரை அமைத்தது நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. முறை வைத்து ஒவ்வொருவரிடமாக அனுப்புவது சுலபமான வழி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருவனிடம் கஷ்டமான வேலை மாட்டிக்கொண்டிருக்கும்போது, முறை வந்துவிட்டது என்பதற்காக அவன் தலையில் இன்னொன்றைக் கட்டலாமா? அதனால் அந்த நொடியில் யார் கையில் வேலை குறைவோ அவனிடம் அனுப்பும்படி எழுதினேன். கூடவே, சில நொடிகளுக்கு ஒருமுறை வாசல்காரர் ஒவ்வொரு சர்வரையும் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." பதில் வந்தால் ஆளை அனுப்புவார். வராவிட்டால் அவனை விட்டுவிடுவார். அந்த விசாரிப்பும் நான் எழுதியதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்த வருடத்துத் தேதிகளை எல்லா மண்டபங்களும் ஒரே நாளில் திறந்துவிடும். முகூர்த்த நாட்களோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஞாயிற்றுக்கிழமையில் வருபவை இன்னும் கொஞ்சம். அவற்றில் ஒன்று, ஆவணியில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அக்காவுக்கு வேண்டியிருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பள்ளியோடு, படிப்பை நிறுத்திக்கொண்டு பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள். பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். கம்பெனி பஸ் சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டித் தீவுக்குப் போகும், காலையில் கொண்டுவந்து இறக்கிவிடும். நான் படித்து முடிக்கும் வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாள். முடித்த பிறகு மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் இன்னொரு முறை தள்ளிப் போனது. இந்தத் தடவை ஜாதகம், தொழிற்சாலை விடுப்பு, மாப்பிள்ளை வீட்டார் வசதி எல்லாம் கூடி வந்தது அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில்தான். அதை விட்டால் கல்யாணம் அதற்கடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

அம்மாவுக்கு இதில் கவலையே இருக்கவில்லை. மகன்தான் அந்த மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறானே.

"உள்ள இருந்தே அந்தத் தேதிய நமக்குன்னு எடுத்து வச்சிரு."

"அப்படிச் செய்யக்கூடாதும்மா. தப்பு."

"யாருக்குக் கேக்குறேன்? உன் அக்காவுக்கு லா. ஊருக்கா கேக்குறேன்?"

"எல்லாரும் வரிசையில நிக்கும்போது நாம மட்டும் பின்பக்கமா நுழையலாமா?"

"திருவிழாவுல உன் மாமா கோயில் பின்பக்கமா கூட்டிட்டுப் போனப்ப சிரிச்சிக்கிட்டே வந்தியே, அப்ப வரிசை தெரியலையா?"

அக்காதான் காப்பாற்றினாள். "விடும்மா. அவன் நேர்மை கெட்டுப் போனா அப்புறம் தாமான்ல பிரிண்டர யாரு செய்வா?"

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நான் படிக்கக் காத்திருந்தவளுக்கு, படித்த படிப்பை வைத்து ஒரு தேதி எடுத்துத் தர மாட்டேன் என்கிறேன். ஆனால் எடுத்துக் கொடுத்தால் அந்த நான்கு சர்வர்கள் முன்னால் எந்த முகத்தோடு உட்காருவது? இப்படியெல்லாம் யோசிப்பவன் நான். அண்ணனிடம் சொன்னபோது, "சர்வருக்கு உன் மூஞ்சி தெரியாதுடா" என்று மட்டும் சொன்னார்.

சரி, நியாயமான வழியிலேயே தேதி கிடைக்க வேண்டுமென்றால் தளம் ஒரு நொடிகூடத் தடுமாறக் கூடாது. முதலில் வருபவருக்கு முதலில் கிடைக்க வேண்டும். அதற்காக வாரக்கணக்கில் சோதனை செய்தேன். பொய்க் கூட்டத்தை உருவாக்கி நான்கு பேர் மீதும் ஏவினேன். நான்கு பேரும் அசரவில்லை.

திறக்கும் நேரத்தை முதலாளி முடிவு செய்தார். சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. மண்டபக்காரர்களும் தலையாட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு போன் செய்தேன். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"நாளைக்குச் சரியா ஒன்பதுக்கு எல்லாரும் தயாரா இருங்கம்மா."

"சனிக்கிழமை ஒன்பதுலேருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம்டா. கல்யாண விஷயம். பத்தரைக்குத்தான் தொடுவோம்."

"அதுக்குள்ள தேதி போயிரும்மா!"

"போகாது. அந்த நேரத்துல எவ எடுப்பா?"

"கம்ப்யூட்டருக்கு ராகு காலமெல்லாம் கிடையாதும்மா."

"கம்ப்யூட்டருக்கா கல்யாணம்?"

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "சண்டை முடிஞ்சதும் மெசேஜ் போடுங்க. தம்பி, அந்த லிங்க எனக்கும் அனுப்பிடு!"

அனுப்பினேன். அம்மாவின் கைப்பேசிக்கு, அப்பாவுக்கு, மாமாவுக்கு, அக்காவுக்கு. யாருக்குக் கிடைத்தாலும் சரி.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் எட்டு மணிக்கே அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டோம். திரையில் ஒரு கோடு ஓடும். கூட்டம் ஏறினால் கோடு ஏறும். ஒன்பது மணி ஆனது. கோடு ஏறவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் வந்து, வழுக்கிக்கொண்டு போவதுபோலப் பதிவை முடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் யார், எந்தத் தேதியை எடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. என் கண் அந்தக் கோட்டிலேயே இருந்தது.

"மானா ஓராங்?" என்று முதலாளி மலாயில் கேட்டார். ஆளெல்லாம் எங்கே?

"சனிக்கிழமை காலையில எல்லாரும் பசார்ல மீன் வாங்கிட்டு இருப்பாங்க" என்றார் அண்ணன்.

அம்மா சொன்னது எனக்கு நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் அது என் அம்மா. ஊர் முழுக்கவா என் அம்மா மாதிரி இருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

முதலாளி நல்லவர். ஆனால் ஆளில்லாத அறையில் விளக்கு எரிவதை அவரால் பார்க்க முடியாது. கழிவறை விளக்கைக்கூட நாம் உள்ளே இருக்கும்போதே அணைத்துவிடுவார். நான்கு சர்வர்கள் சும்மா நிற்பதை எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? பத்து மணிக்குள் மூணாமவனையும் கடைக்குட்டியையும் அணைக்கச் சொல்லிவிட்டார். நானும் ஒப்புக்கொண்டேன், கோடு அப்படிப் படுத்திருந்தது. அண்ணன் கீழே போய்ப் பிளாஸ்டிக் பையில் மூன்று தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், கட்டி வாங்கி வந்தார். முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அடுத்த வருடம் இரண்டு சர்வர் போதும் என்றார்.

பத்தரை ஆனது. கோடு ஏறவில்லை, சுவர் மாதிரி எழுந்து நின்றது.

"அலாமாக்!" அண்ணன் கையிலிருந்த பை மேசையில் சாய்ந்தது. "என்னடா இது, பத்தரை மணிக்கு?"

"ராகு காலம் முடிஞ்சிருச்சுண்ணே."

"இத முன்னாடியே சொல்ல மாட்டியா? நாங்க கிறிஸ்தவங்க, எங்க வீட்ல ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது. தவக்காலத்துல மட்டும் கல்யாணம் பண்ண மாட்டோம், அவ்ளோதான் எங்க பஞ்சாங்கம். நீதானே சொல்லணும்!"

"எங்க அம்மா மட்டும்தான்னு நினைச்சேன்."

"பினாங்கு பூரா உங்க அம்மாதான்டா! இங்க பாரு!"

முதலாளிக்கு ராகு என்ற பெயர் மட்டும் பிடிபட்டது. அந்த ஆள் எந்த மண்டபத்துக்காரர், அவர் நம்பர் நம்மிடம் இருக்கிறதா, கொஞ்சம் மெதுவாக வரச் சொல்ல முடியாதா என்று கேட்டார்.

பெரியவனும் ரெண்டாமவனும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார்கள். மற்ற இருவரையும் எழுப்பினேன். சர்வர் எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முதலில் மூணாமவன் எழுந்தான். வாசல்காரர் கேட்டார். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்" என்றான். நான் பெருமூச்சு விட்டேன். இனி சரியாகிவிடும்.

ஆகவில்லை. மண்டபக்காரர்கள் ஒவ்வொருவராக போன் செய்ய ஆரம்பித்தார்கள். யார் போனாலும் "மன்னிக்கவும், பிறகு முயற்சி செய்யுங்கள்" என்ற பக்கம்தான் வருகிறதாம். என் கைப்பேசியில் அம்மாவின் அழைப்பு வந்து நின்றது. மறுபடி வந்தது. எடுக்கத் தைரியமில்லை.

திரையில் பார்த்தால் மூணாமவன் பிரமாதமாக வேலை செய்துகொண்டிருந்தான். மற்றவர்கள் ஒரு பதிவை முடிப்பதற்குள் அவன் நூறு பேரை அனுப்பி வைத்தான். பெரியவனுக்குக்கூட அந்த வேகம் கிடையாது.

அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இந்த மூணாமவன் மேல எனக்குச் சந்தேகமா இருக்கு. இவ்ளோ சுறுசுறுப்பா இருக்கறவன் எவன்டா ஒழுங்கா வேலை செஞ்சிருக்கான்?"

அவர் சொன்னது சரிதான். மூணாமவன் எழுந்துவிட்டானே தவிர, தேதிகளெல்லாம் இருக்கிற டேட்டாபேசோடு அவனுக்கு இன்னும் இணைப்பு கிடைக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் அந்த நொடியே மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். உடனுக்குடன் அனுப்பிவிடுவதால் அவன் கை எப்போதும் காலியாக இருந்தது. கை காலியாக இருப்பவனிடம்தான் அனுப்ப வேண்டும் என்று வாசல்காரருக்கு நான் அல்லவா கற்றுக்கொடுத்திருக்கிறேன்? பந்தியில் ஒரு பக்கம் இலை மட்டும் போட்டிருக்கிறது, சாப்பாடு இல்லை. உட்கார்ந்தவர்கள் உடனே எழுந்துவிடுகிறார்கள். வாசலில் நிற்கும் மாமா, "ஆகா, அங்க இடம் காலியா இருக்கு" என்று அடுத்த கூட்டத்தையும் அங்கேயே அனுப்புகிறார். சாப்பாடு இருக்கிற பக்கத்தில் பெரியவனும் ரெண்டாமவனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஆனா நல்லா இருக்கேன்னு சொன்னானே!" என்றேன். உண்மையிலேயே எனக்கு வருத்தமாக இருந்தது.

"நம்ம ஆளுங்ககிட்ட நல்லா இருக்கியான்னு கேட்டா எவன்டா இல்லன்னு சொல்வான்? எங்க சித்தப்பா கால்ல கட்டோட ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, நல்லா இருக்கேன், நீங்க சாப்ட்டீங்களான்னு கேட்டாரு. அப்படிக் கேக்காத. போய் ஒரு தேதிய எடுத்துட்டு வா, அப்பத்தான் நம்புவேன்னு சொல்லு."

மூணாமவனை வரிசையிலிருந்து வெளியே எடுத்தேன். விசாரிப்பை மாற்றி எழுதினேன். இனி டேட்டாபேஸ் வரை போய் ஒரு தேதியைப் படித்துக்கொண்டு வந்து காட்டினால்தான் நல்லா இருக்கிறான் என்று அர்த்தம். நான் அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தே தாரேக்கை உறிஞ்சியபடி கேட்டார். "அது சரி, உங்க ராகு எந்த ஊர் நேரத்துல வர்றாரு? இந்தியா நேரமா, நம்ம நேரமா?"

"அண்ணே, ப்ளீஸ்."

"இல்ல, தெரிஞ்சிக்கலாம்னு கேட்டேன்."

புது விசாரிப்புக்கு மூணாமவன் முதலில் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தேதியோடு வந்து நின்றான். அவனைத் திரும்ப வரிசையில் சேர்த்தேன். கடைக்குட்டியும் சேர்ந்தான். நான்கு பேரும் சமமாகச் சுமக்க, சுவர் கோடாகி, கோடு மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகுதான் நானும் மற்றவர்களைப்போலத் தளத்துக்குள் போய் எங்கள் தேதியைப் பார்த்தேன். அந்த ஆவணி ஞாயிற்றுக்கிழமை சாம்பல் நிறத்தில் இருந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு போன் செய்தேன். "போயிருச்சுடா" என்றார். அம்மா வேறு ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தது என் நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாரு எடுத்தாங்கன்னு வேணா பார்த்துடலாமா? தெரிஞ்சவங்களா இருந்தா பேசிப் பார்க்கலாம். ஒரே கிளிக்தான்."

"வேணாம்ணே. வாடிக்கையாளர் விவரத்தை சொந்த வேலைக்குப் பார்க்கக்கூடாது."

"உன்ன மாதிரி ஆள நான் பாதிரியாருக்குப் படிக்கற செமினரியிலகூடப் பார்த்ததில்ல" என்றார். ஆனால் மிச்ச வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கும்போது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'அக்கா, வாசல்காரர் மேல் தப்பில்லை, நான்தான்' என்று ஆரம்பித்தால் அவளுக்கு என்ன புரியும்? இரவெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வந்து தூங்குகிறவளை எழுப்பி, இன்னொரு வருடம் நில் என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மேசையில், மாமா கொடுத்துவிட்டுப் போனதும் சேர்த்து, மூன்று கைப்பேசிகள் வரிசையாகக் கிடந்தன. அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார், வெகு நேரமாக ஒரே பக்கத்தை. அம்மா எழுந்து எனக்குச் சோறு போட்டார். கோபம் வந்தால் அவர் நிறையப் போடுவார். அன்று தட்டில் மலை இருந்தது.

"சாப்பிடு. ஊருக்கெல்லாம் நல்லது செஞ்சு களைச்சிருப்ப."

"அம்மா..."

"பத்தரைக்கு மூணு போன்லயும் ஒண்ணா அமுக்குனோம். மன்னிக்கவும், மன்னிக்கவும்னே வந்துச்சு. யாரு அந்த மன்னிக்கவும் எழுதுனது, நீயா?"

"நான்தான்."

"அழகா எழுதியிருக்க."

அக்கா அறையில் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவளை எங்கள் வீட்டில் யாரும் எழுப்ப மாட்டார்கள், தேதி போனால்கூட. மூன்று பேரும் மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் ஆகும் நேரத்தில் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்து நின்றாள்.

"ஏன் வீடு இப்படி இருக்கு? யாரு செத்தா?"

"தேதி போச்சுடி" என்றார் அம்மா.

"எந்தத் தேதி?"

"ஆவணி தேதி. எவளோ எடுத்துட்டா."

அக்கா கொட்டாவி விட்டாள். "நான்தான் எடுத்தேன். காலையிலேயே போட்டுட்டேனே. முன்பணமும் போன்லயே கட்டிட்டேன்."

அப்பா செய்தித்தாளை இறக்கினார். அம்மா எழுந்துபோய் அக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு மூச்சு விடும் நேரம்தான் அந்தச் சந்தோஷம். பிடித்த கை அப்படியே நின்றது.

"காலையிலன்னா, எத்தன மணிக்கு?"

"ஒன்பது அடிச்சதும். தூக்கம் சொக்குது. பத்தரை வரைக்கும் யாரு முழிச்சிருக்கறது?"

"ராகு காலத்துலயா?"

"தூக்க காலத்துல."

அம்மா மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "கேன்சல் பண்ணு. ராகு காலத்துல எடுத்த மண்டபம் எனக்கு வேணாம்."

"பண்ணிட்டு?" என்றார் அப்பா.

"வேற எடுக்கலாம்."

"வேற எது? எல்லாம் போச்சுன்னு காலையிலேருந்து நீதானே அழுதுகிட்டு இருக்க?"

அக்கா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அம்மா, இன்னொரு வருஷம் நான் தள்ள மாட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். நகைக்கடையில் கொடுத்த நாள்காட்டி அவள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அவளைப் பார்ப்பதற்குப் பதிலாக அந்த நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சனி, ராகு காலம், ஒன்பது முதல் பத்தரை.

எனக்கு அப்போதுதான் தே தாரேக் உறிஞ்சும் சத்தம் நினைவுக்கு வந்தது. உங்க ராகு எந்த ஊர் நேரத்துல வர்றாரு?

"அம்மா, ராகு காலத்த எப்படிக் கணக்குப் பண்றாங்க?"

"அதான் காலண்டர்ல போட்டிருக்கே."

"காலண்டர்காரனுக்கு எப்படித் தெரியும்?" கைப்பேசியில் தேடிப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "சூரியன் உதிக்கறதுலேருந்து மறையற வரைக்கும் பகல எட்டுப் பங்கா பிரிக்கணுமாம். சனிக்கிழமை மூணாவது பங்கு ராகு காலம். காலையில ஆறு மணிக்கு விடியுதுன்னு வச்சுத்தான் இந்த ஒன்பது மணி வருது. நம்ம ஊர்ல ஆறு மணிக்கா விடியுது? என்னைப் பள்ளிக்கூட பஸ்ஸுல ஏத்திவிடும்போது எப்படி இருந்துச்சு?"

"கும்மிருட்டு" என்றார் அப்பா. "ஏழு மணி தாண்டித்தான் வெளிச்சம்."

"அப்ப மூணாவது பங்கு பத்து மணி தாண்டித்தானே ஆரம்பிக்கும்?"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கம்ப்யூட்டர் ரிப்பேர் படிச்சவன். ஜோசியம் எப்பப் படிச்ச?"

என்னை நம்பவில்லை. கோயில் குருக்களுக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் மணிச் சத்தமும் பாத்திரம் கழுவும் சத்தமும் கேட்டன. அம்மா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"தம்பி சொல்றது சரிதாம்மா" என்றார் குருக்கள். "உதயத்த வச்சுத்தான் கணக்கு. எத்தனையோ தடவ சொல்லிட்டேன், யாரு கேக்குறீங்க? காலண்டரத் தூக்கிட்டு வந்துடுறீங்க."

"அப்ப ஒன்பது மணி, சாமி?"

"நம்ம ஊருக்கு நல்ல நேரம்தாம்மா."

அம்மாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. போனை வைக்கப் போனவர், ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் நிறுத்தினார். "அப்ப பத்தரைக்கு அமுக்குனவங்கல்லாம்?"

"அது ராகு காலம்தான்."

"ஐயோ பாவம்" என்றார் அம்மா. அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் மூன்று கைப்பேசிகளை வைத்துக்கொண்டு பத்தரைக்குத்தான் அமுக்கினார் என்பதை நாங்கள் யாரும் நினைவுபடுத்தவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "அதான்டா உன் மெஷின் படுத்துக்கிச்சு. ராகு காலத்துல அத்தன பேரும் ஏறி மிதிச்சா படுக்காம என்ன செய்யும்? நீ என்னமோ உன் தப்புன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிற."

டேட்டாபேஸ், விசாரிப்பு, கை காலியாக இருந்த மூணாமவன் எல்லாம் என் நாக்கு நுனி வரை வந்தன. மத்தியானத்திலிருந்து நான் தொடாமல் வைத்திருந்த சோற்று மலையில் பாதியை அம்மா எடுத்துவிட்டு, மீனை அப்படியே விட்டுவைத்தார். நான் மீனைச் சாப்பிட்டேன். பிறகு முதலாளிக்கு எழுதிய அறிக்கையில் உண்மையான காரணத்தைத்தான் எழுதினேன், ராகுவின் பெயரை இழுக்கவில்லை. அண்ணன்தான் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அடுத்த முறை திறக்கும் நேரத்தை என் அம்மாவிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று.

அன்று ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் அக்கா சாப்பிட உட்கார்ந்தாள். "ஊரே உன் சைட்ட திட்டுதாமே. ஏன்டா? எனக்கு ஒரே அமுக்குல வந்துச்சு. நான் பார்த்ததுலயே வேகமான சைட்டு."

வேகமாகத்தான் இருந்திருக்கும். நான்கு சர்வர்களும் கை கட்டிக்கொண்டு நின்ற அந்த நொடியில் ஒரே ஒரு கல்யாணப் பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வாசல்காரர், இலை மட்டும் போட்ட பந்தி, சாப்பாடு இல்லாத இடத்துக்கே ஆள் ஆளாக அனுப்பியது. அவள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "இதான் உன் வேலையா? முன்னாடியே இப்படிச் சொல்லியிருந்தா புரிஞ்சிருக்குமே" என்றாள். எங்கள் வீட்டில் என் வேலையைப் புரிந்துகொண்ட முதல் ஆள்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார். "கல்யாணத்துல பந்திய தம்பியே பார்த்துக்கட்டும். படிச்ச பிள்ள, ஒழுங்கா ஆள பிரிச்சு அனுப்புவான்."

"வேணாம்மா!" என்று கத்தினாள் அக்கா. "மாப்பிள்ள வீட்டுக்காரங்கள எல்லாம் இவன் வெறும் இலையிலயே உக்கார வச்சிடுவான்!"

வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

பந்தியைப் பற்றிய பேச்சுவார்த்தை நடந்து முடிந்துவிட்டது. ஆவணியில் பந்தி வாசலில் நான்தான் நிற்கப் போகிறேன். அண்ணனும் என்னோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பரிமாறுகிறவர்களிடம் "எல்லாம் நல்லா இருக்கா?" என்று வாசலிலிருந்து கேட்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் உள்ளே நடந்து போய், இலையில் சோறு விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் ஆளை அனுப்ப வேண்டும்.